உயரமானியின் எண்ணும் எத்திராஜின் கையெழுத்தும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் கிளைடர் சங்கத் தலைவர் ஜெகநாதன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எத்திராஜின் துணைவியார் சகோதரி தாட்சாயணி அவர்களே, கைத்தடியை ஊன்றிப் படியேறி வந்திருக்கும் எங்கள் மாணவி சுஷ்மிதா, நகரியிலிருந்து திருப்பதிக்கு ரயிலேறி வந்திருக்கும் எத்திராஜின் சொந்தபந்தங்களே, அனைவருக்கும் வணக்கம். நான் ஸ்ரீனிவாசராகவன். பதினாறு வருடங்களாக இந்தச் சங்கத்தின் செயலாளர். மறைந்த கருவி ஆய்வாளர் எத்திராஜைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் புகழ்ச்சியோடு நிறுத்தப் போவதில்லை, பொறுமையாகக் கேளுங்கள்.

அவர் என்ன வேலை பார்த்தார் என்று அவருடைய ஊரில் பலருக்குத் தெரியாது. ஏரோப்ளேன் ரிப்பேர் என்று சொல்வார்களாம். கிளைடர் என்பது எஞ்சின் இல்லாத விமானம். மேலே போனவருக்குத் துணை, முன்னால் இருக்கும் சில கருவிகள்தான். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று காட்ட உயரமானி, எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று காட்ட வேகமானி. அந்தக் கருவிகளை நம்பலாமா, கூடாதா? அதற்குக் கையெழுத்துப் போட அனுமதி பெற்றவர் எங்கள் எத்திராஜ்.

கருவியின் முதுகில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் ஒரு எண். பரிசோதனைக் கூடம் தரும் சான்றிதழிலும் அதே எண் இருக்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும் ஒன்றின் சான்றிதழ் மற்றதற்குச் செல்லாது. நான் ஒருமுறை அவரைச் சீண்டினேன். "ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதானே இருக்கு? ஒருத்தன் சர்டிபிகேட்டை வச்சு இன்னொருத்தன் வேலைக்குப் போகக் கூடாதா?" என்றேன். துணியால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "போலாம் சார். அங்க மாட்டிக்கினா வேலதான் போவும். இங்க ஆளே பூடுவான்."

ஒரு சான்றிதழில் தேதி விட்டுப்போயிருந்தது என்பதற்காகச் சென்னைக்கு பஸ் ஏறிப்போய்த் தேதி போட வைத்து வந்தவர் அவர். இப்படி ஒரு மனிதரை இனி எங்கே தேடுவோம்?

அவர் வைத்திருந்த வழக்கம் ஒன்று உண்டு. கருவியைப் பொருத்தும்போது அவர் தகட்டில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படிப்பார். இன்னொருவர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். இரண்டு குரலும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. "ரெண்டையும் ஒரே ஆளு படிச்சா, கண்ணு தனக்கு வேண்டியதத்தான் பாக்கும் சார்" என்பார்.

போன வருடம் ஜனவரி மாதம். குளிர்கால முகாமின் முதல் நாள். விருந்தினர்கள் வந்து பந்தலில் காத்திருக்கிறார்கள், கிளைடரில் உயரமானி இன்னும் பொருத்தவில்லை. அலமாரியில் இருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எத்திராஜ் உள்ளே குனிந்து படித்தார். கடைசி இரண்டு எண்கள் நாலு, ஏழு. என் கையில் இருந்த தாளில் நாலு, ஒன்பது.

இரண்டு உயரமானிகளைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். இரண்டும் தேறித்தான் வந்திருக்கும், தாள்கள் இடம் மாறியிருக்கும், சாயங்காலம் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாளில் இருந்ததைப் படிக்கவில்லை. அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். "நாலு, ஏழு." அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் நான் தேடவில்லை. கிளைடரில் பொருத்திய அந்த நாலு, ஏழு உயரமானி பரிசோதிக்கப்படாமலே திரும்பி வந்திருந்தது.

நான்காம் நாள் காலை, பனிமூட்டம் விலகாத நேரத்தில், சுஷ்மிதா தனியாகப் பறந்தாள். அந்த உயரமானியின் முள் ஒட்டிக்கொண்டு, இருந்ததைவிட அதிக உயரம் காட்டியது. மைதானத்துக்கு வந்து சேராமல் ஏரிக்கரையில் மோதினாள். அவளுடைய வலது கால் இன்னும் மடங்குவதில்லை.

விசாரணை நடந்தது. சான்றிதழில் ஒரு எண், கருவியில் வேறு எண், பதிவேட்டில் எத்திராஜின் கையெழுத்து. தாளை வாசித்தது யார் என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். என்ன வாசித்தீர்கள் என்றார்கள். தாளில் இருந்த நாலு, ஒன்பதைத்தான் என்றேன். எத்திராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகப்பட்டா பார்த்தார்? இல்லை. நம்பினார். "அப்ப எங்கண்ணுதான் சார். நான்தான் தப்பா படிச்சிருப்பேன்" என்று அதிகாரிகளிடம் சொன்னார். அவருடைய அனுமதி ரத்தானது. சங்கத்தை மூடிவிடுவார்கள் என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான் பயந்தேன்.

சித்தூரில் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதையும் அவர் நம்பவில்லை. நான் வீட்டுக்குப் போனபோது தாட்சாயணி சொன்னார்: "கரண்ட் பில்லு வந்தாக்கூட என்னாண்ட குடுத்துப் படிக்கச் சொல்றாரு சார். பஸ் நம்பரக்கூடப் பக்கத்துல நிக்கறவங்களக் கேட்டுக்கினு ஏர்றாரு. சோறு துன்றதே கொறஞ்சி போச்சி." காபி குடித்துவிட்டு எழுந்து வந்தேன். பதினோரு நாளுக்கு முன்னால் மாரடைப்பில் அவர் போய்விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அவரை என் பொய்க்குள் வாழ வைத்தேன்.

அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி இறங்குவதுதான் முறை. எந்த முகத்தோடு சொல்வேன்? செயலாளர் பதவியை இன்றோடு விடுகிறேன். விசாரணை அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு நேற்றே அனுப்பிவிட்டேன். எத்திராஜின் அனுமதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இறந்தவருக்குத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கக்கூடிய காரியம் இது. இனி எத்தனை கடிதம் எழுதினாலும் அவருக்குப் போய்ச் சேராது.

தாட்சாயணி அம்மா, சுஷ்மிதா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, கேட்கவும் மாட்டேன். நகரியில் இருந்து வந்தவர்களிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்திராஜ் கண்ணு தெரியாமல் கையெழுத்துப் போட்டதால்தான் ஒரு பெண்ணுக்குக் கால் போனது என்று உங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அவர் சரியாகத்தான் படித்தார். இனி யாராவது அப்படிப் பேசினால், அங்கேயே நிறுத்தி என் பெயரைச் சொல்லுங்கள்.