சாவியோவுக்குக் கொடுத்த வாய்ப்பு

மீன் வாங்கப் போனால்கூட செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை, சார். காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள், ஆடிட்டர் லூயிஸ் வருகிறார் என்றாலே மீன்காரம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். எண்ணூரில் ஓர் இறால் கம்பெனி. குளிர்கிடங்கில் சரக்கு இருக்கிறதா என்று வருடா வருடம் நானே நேரில் போய்ப் பார்ப்பேன். அந்த வருடம் ரோடெல்லாம் வெள்ளம். என்னிடம் தொழில் பழகிய சாவியோ மட்டும் போய், "பெட்டியெல்லாம் கரெக்டா கீது சார்" என்று போன் செய்தான். நானே பார்த்ததாகச் சான்றிதழ் கொடுத்துவிட்டேன். மேல் வரிசையில்தான் இறால். கீழே முழுக்க வெறும் ஐஸ்.

அந்தச் சரக்கை நம்பிக் கடன் கொடுத்த வங்கி புகார் செய்தது. எங்கள் ஆடிட்டர் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்னைக் கூப்பிட்டது. நான் கிடங்குப் பக்கமே போகவில்லை என்று யாரோ சாட்சி சொல்லியிருந்தார்கள். யார் என்று கேட்டேன், பெயர் சொல்லவில்லை. அந்த ஆளை நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்றேன், தேவையில்லை என்றார்கள். புகாரைத் துருவிய அதிகாரியே தீர்ப்புச் சொல்பவர்களோடு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். என் பக்கத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஐந்து வருடம் தொழில் செய்யக் கூடாது. ராயபுரத்தில் என் பெயர்ப்பலகையை நானே கழற்றினேன். குற்றவாளியாகவே இருக்கட்டும் சார், அவன் சொல்வதைக் கேட்க வேண்டாமா?

நான் போகாதது சாவியோ ஒருவனுக்குத்தான் தெரியும் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் அந்தக் குழுவைப் போல நடந்துகொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவனை முறைப்படி விசாரிக்க நினைத்தேன்.

காத்திவாக்கத்தில் உப்பங்கழி ஓரமாக, மூடிக் கிடந்த ஓர் ஐஸ் கொட்டகை. பழைய வாடிக்கையாளருடையது, சாவி என்னிடம் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே வரச் சொன்னேன்.

வந்ததும் வராததுமாக, "உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்னு அலைஞ்சிகினு கீறேன் சார்" என்றான்.

"உன் முறை வரும்போது சொல்லுப்பா. முதல்ல குற்றச்சாட்டு, அப்புறம்தான் பதில்."

ஐஸ் உடைக்கும் கம்பியால் முழங்காலில் அடித்தேன். விழுந்தவனைத் தூக்கி, வலைக்கயிற்றால் நாற்காலியோடு கட்டினேன். வெளியே ஆட்கள் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் வாயில் துணி. குற்றச்சாட்டுகளை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "இதுக்கு என்ன சொல்றே?" என்று கேட்டுப் பொறுமையாக இருந்தேன். தலையை மட்டும்தான் ஆட்டினான். பதில் வராத குற்றச்சாட்டுக்கு ஒரு விரல் என்று உடைத்துக்கொண்டு வந்தேன். அவசரமே படவில்லை. தீர்ப்பைச் சொன்ன பிறகுதான் தலையில் அடித்தேன். மண்டை நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் உடைந்தது.

இப்போது ஸ்டேஷனில் நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது, சாட்சி சொன்னது கம்பெனி வாட்ச்மேனாம். சாவியோ குழுவிடம் தானாகவே போய், "நான் சொன்னத நம்பித்தான் சாரு கையெழுத்துப் போட்டாரு, தப்பு என்னுதுதான்" என்று அழுதிருக்கிறான். என்னை மறுபடி விசாரிக்க ஒத்துக்கொண்டார்களாம்.

வருத்தமாகத்தான் இருக்கிறது. நல்ல பையன். ஆனால் இதை அவன் அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயில் துணி இருந்தது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேன் தெரியுமா, சார்?