இலேசான குலை

எனக்குக் கழுத்துவலி உண்டு. ஈரம் பட்டால் கூடும். பதினெட்டு வயதிலிருந்து குழித்துறைச் சந்தையில் வாழைக்குலை சுமந்த கழுத்து, அதைக் குறை சொல்ல முடியாது. இப்போது சொந்தமாகக் குலைக்கடை இருக்கிறது. நான் நாற்காலியில் இருப்பேன். எந்தத் தோட்டத்தில் என்றைக்கு வெட்டு, எந்த லாரி எங்கே நிற்கிறது, எவன் குடித்துவிட்டு வரவில்லை, எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்வது என் தங்கை சுனிதா. இன்ஜினீயரிங் படித்தவள். போனில் அவள் குரல் கேட்டால் டிரைவர்கள் பீடியை அணைப்பார்கள்.

அவளுக்கு வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஆசை வந்தது. அதற்குக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. நல்ல மார்க் வந்தால் போய்விடுவாள். நான் தடுக்கவில்லை. தடுத்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

பரீட்சையில் எப்படி மார்க் போடுவார்கள் என்று கேட்டேன்.

"அண்ணா, நீங்க சுமட்டுக்கு ஆள் எடுக்கியள்லா, அதே மாதிரிதான்" என்றாள்.

நான் ஆள் எடுக்கும் முறை சந்தைக்கே தெரியும். புதிதாக வருகிறவன் தலையில் முதலில் நடுத்தரமாக ஒரு குலை. நேராக நடந்தால் அடுத்தது அதைவிடக் கனம். தள்ளாடினால் இலேசானது. ஏழெட்டுக் குலைக்குள் ஆளின் தாங்கல் தெரிந்துவிடும். எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. பத்துச் சின்ன மட்டிக்குலை சுமந்தவனும் பத்துக் கனத்த ஏத்தன்குலை சுமந்தவனும் ஒன்றாக முடியுமா? கம்ப்யூட்டரும் அப்படியே பார்க்கிறதாம். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினம், தப்பாகச் சொன்னால் எளிது. எந்தக் கனத்தில் கால் நிற்கிறதோ அதை வைத்து மார்க். கீழே போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நேரத்துக்குள் முடிக்காமல் விட்டால் அதற்கும் அடி.

"இன்னொண்ணு கேட்டியளா, சில கேள்விக்கு மார்க்கே கெடையாது. கேள்வி கஷ்டமா லேசான்னு தெரிய நம்ம தலையில வச்சுப் பாப்பாங்க. எது அதுன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க."

"புதுத் தோட்டத்துக் குலைய கிளீட்டஸ் தலையில வச்சுக் கனம் பாக்கது போல."

கிளீட்டஸ் எங்கள் கடையின் பழைய சுமட்டுக்காரன். அவன் முனகுவதை வைத்து நான் கிலோ சொல்லிவிடுவேன்.

"நீங்க எழுதுனா பாஸாயிருவிய" என்று சிரித்தாள்.

பரீட்சை திருவனந்தபுரத்தில். நான்தான் வேனில் கூட்டிப் போனேன். பாறசாலை தாண்டும்போது கேட்டேன்: "மக்கா, லேசான கேள்வி வந்தா முந்துனது தப்புன்னுதானே அர்த்தம்?"

"அப்படித்தாண்ணா."

நெய்யாற்றின்கரையில் தோசை தின்னும்போது இன்னொரு தடவை கேட்டேன். சென்டர் வாசலில் அவளுடைய தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, "லேசான குலை வந்தா பாத்துக்க, கேட்டியா" என்றேன். மொத்தம் மூன்று தடவை. மூன்றிலும் பொய் கிடையாது.

பதினாலாவது கேள்வி சின்னப்பிள்ளை போடும் சதவீதக் கணக்காக வந்ததாம். பதின்மூன்றாவதைக் கீழே போட்டுவிட்டோம் என்று நினைத்தாளாம். அதன்பிறகு ஒவ்வொரு கேள்வியையும் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கடைசி ஆறு கேள்வியைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

"எனக்க புத்திய பாத்தியளா அண்ணா. பதில் சொல்லாம கனம் பாத்துட்டு இருந்திருக்கேன்."

"சவம், போட்டும் மக்கா" என்று பரோட்டாவும் பொரித்த கோழியும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் மூன்று லாரி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. எனக்குக் கழுத்தும் வலிக்கவில்லை.

அந்தப் பதினாலாவது, மார்க் இல்லாத கேள்வியாகவும் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அது இலேசாக வந்ததற்கும் பதின்மூன்றாவதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்குச் சொல்லித்தந்தவளே அதை மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை. வேனில் பேசும்போதும் அது என் நினைவில் இருந்தது.

ஆள் எடுத்த அனுபவத்தில் எனக்கு ஒன்று தெரியும். நேராக நடக்கிறவனைத் தள்ளாட வைக்கக் கனமான குலை தேவையில்லை. இலேசாக ஒன்றைத் தலையில் வைத்து, "என்னலே, முடியலியா?" என்று அன்பாகக் கேட்டால் போதும். அடுத்த குலையில் அவனே தள்ளாடுவான். வேண்டாத ஆட்களை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். வேண்டிய ஒருத்தியை நிறுத்திவைக்கவும் அதையே செய்தேன். அவள் போனால் நாற்காலியை விட்டு எழுந்து சந்தைக்குள் ஓட வேண்டியது நான். கிளீட்டஸுக்குப் போனை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது.

அடுத்த மாதம் மறுபடியும் எழுதுகிறாள். "நீங்க கூட வாங்கண்ணா, தைரியமா இருக்கும்" என்றாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? இந்த முறை புத்திமதியாக ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். பாறசாலை தாண்டும்போது, தெரிந்துகொள்வதற்காக, ஒன்றே ஒன்று கேட்பேன்.

"இந்தத் தடவையும் பதினாலாவது லேசா வந்தா என்ன செய்வ, மக்கா?"