நீதிபதி வீலாண்டின் பதவி உயர்வு

விமலநாதன்: இண்டைக்கும் போடேல்லை! நாளைக்குத் தேர்தல், அந்தக் கதிரை இன்னும் சும்மா கிடக்குது. உந்த அமைச்சர் என்ன நித்திரையோ?

கமலநாயகி: எந்தக் கதிரையப்பா? காலமை எழும்பி முகமும் கழுவாமல்...

விமலநாதன்: மேல் நீதிமன்றத் தலைவர் கதிரை. உம்மட ஆளுக்கெண்டு பாத்து வைச்சிருக்கிறது.

கமலநாயகி: என்ர ஆளோ? ஆர் என்ர ஆள்?

விமலநாதன்: வேற ஆர்? நீதிபதி வீலாண்ட். நீர் மொழிபெயர்க்கப் போற கோட்டில இருக்கிற பெரிய மனிசன்.

கமலநாயகி: ஓ... அவரோ. அவருக்குக் கிடைக்காட்டி உங்களுக்கு என்ன? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

விமலநாதன்: விளங்காமல் கதையாதையும். தேர்தலுக்கு முதல் போட்டால் இந்த அரசாங்கத்தின்ர ஆள், வீலாண்ட். நாளைக்கு மற்றக் கட்சி வெண்டால் அவையின்ர ஆள். பேந்து வீலாண்ட் பென்சன் எடுக்குமட்டும் இஞ்சதான்.

கமலநாயகி: ஒரு கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம்? வைச்சுவிட வேண்டியதுதானே.

விமலநாதன்: ஏலாதாம். போட்டிக்கு நிண்ட மற்ற நீதிபதி வழக்குப் போட்டிட்டார். தன்னைவிட வீலாண்ட் என்ன திறமெண்டு கேட்டு. அது முடியாமல் அமைச்சர் கை வைக்கேலாது. எதிர்க்கட்சிக்கு ஒரே சந்தோசம்... தேர்தல் வரைக்கும் இழுபட்டால் போதும் அவைக்கு.

கமலநாயகி: அட, நீதிபதிமாருக்கும் எரிச்சல் பொறாமையோ!

விமலநாதன்: எரிச்சல் இல்லாத ஆம்பிளை ஆர்?

கமலநாயகி: எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஜெர்மன் மாக் காசு போய் யூரோ வந்தபோதும் பேப்பர் வாசியாத மனிசன் நீங்கள். இப்ப ரெண்டு பேப்பர் வாங்கிறியள்.

விமலநாதன்: நாட்டு நடப்பு தெரியவேணும்.

கமலநாயகி: போன மாசம் வரைக்கும் மற்றக் கட்சிதான் நல்லம் எண்டனியள்.

விமலநாதன்: மாறிட்டன். நாளைக்கு நீரும் இந்த அரசாங்கத்துக்குத்தான் புள்ளடி போடவேணும்.

கமலநாயகி: ஜெர்மன் பாஸ்போட் எடுத்துப் போடுற முதல் வாக்கு. அதை வீலாண்டுக்காகவோ?

விமலநாதன்: ஓம். வீலாண்டுக்காகத்தான்.

கமலநாயகி: அப்ப புஷ்பாக்கா சொன்னது சரி...

விமலநாதன்: என்ன சொன்னவ?

கமலநாயகி: தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில நிண்டு கையெழுத்து வாங்கினியளாம். மண்டபம் கேக்கிற கடிதமெண்டு சொல்லி. அறுபத்திரண்டு பேர்!

விமலநாதன்: அது... சங்கத்து அலுவல்.

கமலநாயகி: அவவின்ர மகள் அந்த ஜெர்மன் கடிதத்தை வாசிச்சுப் பாத்திட்டாள். "எங்கள் தமிழ்ச் சங்கம், நீதிபதி வீலாண்ட் அவர்களை மேல் நீதிமன்றத்துக்கு விரைவாக அனுப்பி வைக்கும்படி..."

விமலநாதன்: அமைச்சிலயிருந்து பதிலும் வந்தது. கவனத்தில எடுத்தவையாம்.

கமலநாயகி: ஐயோ கடவுளே! ஊரில எம்.பி.யிட்ட உத்தியோகத்துக்கு மனுக் குடுத்த மாதிரியெல்லோ...

விமலநாதன்: சிரியும், நல்லாச் சிரியும்.

கமலநாயகி: பின்ன? அந்த மனிசனில உங்களுக்கு அவ்வளவு பாசமோ?

விமலநாதன்: பாசமோ? அந்தாள் இஞ்சயிருந்து துலைய வேணும்! மேல் கோட்டுக்கு ரெண்டரை மணித்தியால ரெயில். அங்க போனால் பிறகு உம்மட கண்ணில படான்.

கமலநாயகி: ...அப்ப இவ்வளவும் எரிச்சலிலயோ?

விமலநாதன்: ஓம், எரிச்சல்தான்! வாய்விட்டுச் சொல்லுறன். "வீலாண்ட் எழும்பி நிண்டு கை குடுத்தவர்." "வீலாண்ட் என்ர பேரை எவ்வளவு வடிவாச் சொல்லுறார்." "வீலாண்ட் கோப்பி வாங்கித் தந்தவர்." சோறு போடேக்கையும் வீலாண்ட், உடுப்பு மடிக்கேக்கையும் வீலாண்ட்! நான் வேலையால இரும்புத்தூளோட வாற ஆள். எனக்கு எழும்பி நிக்கத் தெரியாது. அந்தாளுக்கு வெள்ளைத் தலை, கறுப்பு அங்கி...

கமலநாயகி: வெள்ளைத் தலையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

விமலநாதன்: பேப்பரில படம் பாத்தனான். வடிவான மனிசன்தான். அதுதான் எனக்கு இன்னும் பத்தி எரியுது.

கமலநாயகி: சும்மா விசர்க்கதை...

விமலநாதன்: செவ்வாய்க்கிழமையெண்டால் அந்த நீல ஜாக்கெட். கண்ணாடிக்கு முன்னால அரை மணித்தியாலம். எனக்காக ஒருநாள் அதைப் போட்டனீரோ?

கமலநாயகி: கோட்டுக்கு வேற என்னத்தைப் போட்டுக்கொண்டு போறது?

விமலநாதன்: சரி. வாற செவ்வாய் நான் லீவு எடுத்திட்டன். உம்மோட வாறன்.

கமலநாயகி: எங்க?

விமலநாதன்: கோட்டுக்கு. விசாரணையை ஆரும் இருந்து பாக்கலாமாம். பின்வரிசை வாங்கில இருந்து, அந்தாள் உம்மை எப்பிடிப் பாக்கிறானெண்டு நான் பாக்கவேணும்.

கமலநாயகி: வேண்டாம்.

விமலநாதன்: ஏன் வேண்டாம்?

கமலநாயகி: வேண்டாமெண்டால் விடுங்கோவன்...

விமலநாதன்: முகம் ஏன் உப்பிடிக் கறுத்துப்போச்சு? அப்ப ஏதோ இருக்கு.

கமலநாயகி: ஒண்டும் இல்லை.

விமலநாதன்: இருக்கு! பத்தொன்பது வருசம் உம்மோட குடும்பம் நடத்தின எனக்குத் தெரியாதோ? சொல்லும் கமலா... உங்கள் ரெண்டு பேருக்கும் என்ன?

கமலநாயகி: மெல்லக் கதையுங்கோ. கீழ் வீட்டுக்குக் கேக்கப்போகுது.

விமலநாதன்: கேக்கட்டும். செவ்வாய்க்கிழமை நான் அங்க வாறதுதான்.

கமலநாயகி: வந்தால் என்னை அங்க காணமாட்டியள்.

விமலநாதன்: என்ன?

கமலநாயகி: தை மாசத்துக்குப் பிறகு அந்தக் கோட்டில இருந்து மொழிபெயர்க்க வரச்சொல்லி எனக்கு ஒரு டெர்மினும் வரேல்லை. சிற்றம்பலத்தாற்ற மகள் ஆதிரையைத்தான் இப்ப கூப்பிடினம். இஞ்ச பிறந்த பிள்ளை, என்னைவிட நல்ல ஜெர்மன். நான் போறது முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு. ஜாக்கெட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டுக் கிழங்கு உரிக்கிறன்.

விமலநாதன்: அப்ப... வீலாண்ட்?

கமலநாயகி: ஒரே ஒருக்காத்தான் கண்டனான். என்ர பேரும் கேக்கேல்லை. கெதியாச் சொல்லி முடியும் எண்டவர், அவ்வளவுதான்.

விமலநாதன்: எழும்பி நிண்டது? கோப்பி?

கமலநாயகி: எல்லாம் நான் கட்டின கதை.

விமலநாதன்: ஏன் கமலா? என்னத்துக்கு உப்பிடி...

கமலநாயகி: வேலை போனதைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அண்டைக்குத்தான், நீதிபதி எழும்பி நிண்டு கை குடுத்தவரெண்டு ஒரு பொய் சொன்னன். நீங்கள் ரீவியை நிப்பாட்டிப்போட்டு என்னைத் திரும்பிப் பாத்தியள்... கலியாணம் கட்டினதுக்குப் பிறகு முதல் தரமா. பேந்து அந்த மனிசனைக் கைவிட எனக்கு மனம் வரேல்லை.