வாத்து காத்திருந்த நாலு செகண்டு

— சத்தமே இல்லாத நாலு செகண்டு வேணும் சார். இந்தப் படத்துல மட்டுமில்ல, இனிமே நாம விடப்போற ஒவ்வொரு குழந்தைப் படத்துலயும்.

— அம்மாடி, நீ வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு உன்கிட்ட ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். லீவு கேளு, நாற்காலி ஆடுதுன்னு வேற நாற்காலி கேளு, திரையில மௌனம் மட்டும் கேட்காதேன்னு. சொன்னேனா இல்லியா?

— சொன்னீங்க. அதான் எட்டு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப மூட முடியல சார்! நீங்க பார்த்திருந்தா நீங்களே குதிச்சிருப்பீங்க. முதல்ல உட்காருங்க.

— என் ரூம்லயே என்னை உட்காரச் சொல்றா பாரு. சரி, உட்கார்ந்துட்டேன். என்ன, அந்த வாத்தா?

— வாத்துதான். தொப்பியைத் தேடுற வாத்து. கட்டிலுக்கு அடியில பார்க்குது, செருப்புக்குள்ள பார்க்குது, நாய் வாயைத் திறந்து பார்க்குது. தொப்பி அது தலையிலயே இருக்கு! அப்புறம் நேரா நம்மளைப் பார்த்து, 'என் தொப்பி எங்க?'ன்னு கேக்குது. கேட்டுட்டு நிக்குது. பாட்டு இல்ல, மணி இல்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

— அங்கதான் எல்லாம் போச்சு. புதன்கிழமை சோதனை ரூம்ல பாய் போட்டு, பன்னெண்டு குழந்தையை ஒண்ணொண்ணா உட்கார வெச்சுப் பார்த்தியே, கணக்கு உன் கையெழுத்துலதான் இருக்கு. நீயே படி. அந்த நாலு செகண்டுல எத்தனை குழந்தை திரையை விட்டுத் தலையைத் திருப்புச்சு?

— ஒன்பது.

— ஒன்பது! நம்ம பஸ் பாட்டுக்கு எத்தனை?

— பூஜ்யம்.

— பூஜ்யம். ஒரு தலைகூடத் திரும்பல. அது படம்! தலை திரும்புச்சுன்னா குழந்தைக்குச் சலிச்சுப்போச்சு. அதனாலதான் வாத்தோட நாலு செகண்டை வெட்டிட்டு அங்க ஒரு டிரம் சத்தம் போடச் சொன்னேன்.

— எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு நாம என்னிக்காவது எழுதினோமா சார்?

— எந்தப் பக்கம்னா?

— அந்தத் தாள்ல 'திரும்பியது'ன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. எட்டு மாசமா நானும் மாடு மாதிரி கோடு போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நேத்து கேமராப் பதிவை முதல்லேருந்து ஓட்டிப் பார்த்தேன். ஒன்பதுல ஒண்ணு ஜன்னலைப் பார்த்துச்சு, ஒத்துக்கறேன். மிச்சம் எட்டும் பின்னாடி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துச்சு சார்! வாத்தைக் காட்டி, அம்மாவைப் பார்த்து, மறுபடி வாத்தைக் காட்டி... 'இந்தக் கூமுட்டை தலையிலயே வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுது, நீயும் வந்து பாரேன்'னு கூப்பிடுது! அதைப் போய் நாம சலிப்புன்னு எழுதியிருக்கோம்.

— தலைவரே, உள்ள வரலாமா?

— கத்திரி, உன்னை நான் கூப்பிட்டேனா?

— இல்ல தலைவரே. வெளிய போன் ஓயவே மாட்டேங்குது. எல்லாம் அம்மாமாருங்க. படத்தை வெட்டி ஒட்டுறவனைப் போன் எடுக்கச் சொன்னா நான் என்னத்தைப் பேச?

— என்ன, புகாரா இருக்கும். 'கவனிக்கிறோம்'னு சொல்லி வை. அந்த வாத்தை வெட்டியாச்சா?

— வெட்டினதும் இருக்கு, வெட்டாததும் இருக்கு. ரெண்டையும் நேத்தே இந்தத் தங்கச்சியோட கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். படத்தை வெளிய விடுற பச்சை பட்டனை அமுக்க வேண்டியது அதுதான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது தலைவரே, நான் வரேன்.

— பார்த்தியா, அவன் வேலையை அவன் பார்த்துட்டுப் போறான். மணி நாலாச்சு. ஆறுக்குள்ள, வெட்டின படத்துக்கு நீ பட்டனை அமுக்கிடு. 'கற்பிக்கும் படம், தேர்ந்தெடுத்தவர் குழந்தை வளர்ச்சிப் பட்டதாரி'ன்னு உன் முத்திரையோட போகணும். அதை நம்பித்தான் வீட்டுக்கு வீடு போட்டு விடுறாங்க.

— அந்த முத்திரைதான் சார் உறுத்துது. பஸ் பாட்டுலயும் என் முத்திரைதான் இருக்கு. அது எந்தக் குழந்தைக்கு என்னத்தைக் கத்துக் கொடுத்துச்சு?

— ஆடாம அசையாம உட்காரக் கத்துக் கொடுத்துச்சு! என் பொண்ணையே எடுத்துக்கோ. ரெண்டே கால் வயசு. பஸ் பாட்டைப் போட்டா கண்ணைக் கொட்ட மாட்டா. தட்டுச் சாப்பாடு உள்ள போறது அவளுக்கே தெரியாது.

— பேசறாளா சார்?

— பேசுவா, பேசுவா. நானே மூணு வயசுலதான் வாயைத் திறந்தேனாம். இப்ப மூட முடியுதா பாரு! இங்க பாரும்மா, உங்க வீட்லயே முதல் டிகிரி நீதான். கிடைச்ச வேலையைக் காலால எத்தாதே. புத்தகத்துல படிச்சதை எல்லாம் இங்க கொண்டு வந்து கொட்டாதே.

— இதை நான் புத்தகத்துல படிக்கல. எங்கம்மா ஆறு மாடிக் கட்டடத்துல படி கூட்டுறவங்க. பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல. என்னைக் கூடவே வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு படியிலயும் 'இது எத்தனாவது?'ன்னு கேட்டுட்டு, துடைப்பத்தை ஊணிக்கிட்டு நிப்பாங்க. நான் சொன்னாத்தான் அடுத்த படி. வளர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, அவங்களுக்கு எண்ணவே தெரியாது. நிஜமாவே என்கிட்டக் கேட்டிருக்காங்க சார்! நான் படிச்ச படிப்பு அந்தப் படியிலதான் ஆரம்பிச்சுது.

— கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கம்மா பக்கத்துல 'அடுத்த படம்'னு ஒரு பட்டன் இல்லியே? இங்க நாலு செகண்டு சும்மா நின்னா, குழந்தை விரலை வெச்சு அமுக்கிட்டு அடுத்தவன் படத்துக்குப் போயிடும்.

— போகல சார்! அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். பன்னெண்டாவதா வந்துச்சே, பச்சைச் சட்டைக் குழந்தை. இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்லன்னு அவங்கம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. வாத்து கேட்டுச்சு. ஒண்ணு, திருதிருன்னு முழிச்சுது. ரெண்டு, அம்மாவைப் பார்த்துச்சு. மூணு, எழுந்து நின்னுடுச்சு. நாலு... ரெண்டு கையையும் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டு, 'தலைல!'ன்னு ஒரே கத்து! நான் கோடு போடுற பேனாவைத் தூக்கி எறிஞ்சிட்டேன் சார். அவங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க, சிரிக்கறாங்க, எனக்கு எது எதுன்னே தெரியல!

— பன்னெண்டுல ஒண்ணு. யாரு, உங்க அக்கா குழந்தையா? சொந்தப் பாசம் கண்ணை மறைக்குது உனக்கு.

— எனக்கு அக்காவே கிடையாது. இருங்க, திரையை உங்க பக்கம் திருப்பறேன். நீங்களே பாருங்க.

— இரு... நிறுத்து. இந்தச் சட்டை நான் வாங்கினது.

— ஆமா சார்.

— இது...

— என்ன சார், வாயடைச்சுப் போச்சா? நாலு செகண்டு தாராளமா எடுத்துக்கோங்க. காத்திருக்கேன்.

— இவ எப்படி இங்க வந்தா?

— நீங்க வெளியூர் போயிருந்தீங்க. உங்க வீட்டம்மாதான் தூக்கிட்டு வந்தாங்க. 'வீட்ல ஒண்ணு இவர் பேசுவார், இல்ல அந்த பஸ் பேசும். இவ எப்ப பேசறது?'ன்னு கேட்டாங்க. போகும்போது, 'நான் சொன்னா நம்ப மாட்டார், நீயே காட்டு'ன்னாங்க.

— மறுபடி போடு.

— போட்டுட்டேன்.

— ஐயோ, குரலைப் பாரேன்! கீச்சுன்னு! நாற்காலிக்கு அடியில சிக்கின பொம்மை கத்துற மாதிரி! இன்னொரு தடவை போடும்மா... தலையில கையை வெக்கறா பாரு, திருட்டுக் கழுதை! இன்னும் ஒரே ஒரு தடவை!

— நாலு தடவை ஆச்சு சார். நீங்க ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பல.

— சாதிச்சுட்டே! உண்மையிலேயே நீ சாதிச்சுட்டே! உடனே ஒண்ணு பண்ணு. வெட்டாத வாத்தை எனக்குத் தனியா ஒரு காப்பி போட்டுக் கொடு. இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டு போறேன். இனிமே அந்த பஸ்ஸும் வேணாம், கிஸ்ஸும் வேணாம். நாலு செகண்டு வெச்சு எது வந்தாலும் என் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்து வை.

— அப்ப ஆறு மணிக்கு வெளிய போறது?

— அது டிரம் போட்டதுதான். இதுல என்ன சந்தேகம்? வீடு வேற, தொழில் வேற, அம்மாடி.

— என் காதுல விழுந்தது சரிதானா சார்? உங்க பொண்ணுக்கு நாலு செகண்டு. ஊர்ல இருக்கிற மத்த குழந்தைங்களுக்கு டிரம்மா?

— ஏன் அப்படி முறைக்கறே? இப்ப எதுக்கு எழுந்துட்டே? பையை எதுக்கு எடுக்கறே?

— என் அடையாள அட்டை உங்க மேசையில, தண்ணி டம்ளர் பக்கத்துல இருக்கு. உள்ள வரும்போதே கழட்டி வெச்சுட்டேன். மறுபடி எடுத்து மாட்டிக்கிற மாதிரி ஏதாவது சொல்வீங்களோன்னு கடைசி வரைக்கும் பார்த்தேன்.

— போ, போ. உன்னை மாதிரி டிகிரி வெச்சுக்கிட்டு வாசல்ல பத்துப் பேர் நிக்கறாங்க. ஒரு பட்டனை அமுக்க எனக்குத் தெரியாதா? ஏய், நில்லு! காப்பியை மட்டுமாவது கொடுத்துட்டுப் போ!

— உங்களுக்கு எதுக்கு சார் தனிக் காப்பி? காலையில பத்து மணிக்கே பச்சை பட்டனை அமுக்கிட்டேன். வெட்டாத வாத்துதான் வீட்டுக்கு வீடு போயிருக்கு. வெளிய வந்து அந்தப் போனை எடுத்துக் கேளுங்க. புகார் இல்ல, பேசறவங்களுக்குப் பின்னாடி ஒவ்வொரு வீட்லயும் ஒரு குழந்தை 'தலைல'ன்னு கத்திக்கிட்டு இருக்கு!