"டாக்டர் இருப்பாரா அண்ணே?"

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒற்றை ரோடு... பேருக்குக்கூட ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இது என் நண்பனின் மச்சானுக்கு நடந்தது. கிராமத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். டவுனில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு, காலி வண்டியோடு தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்.

ஹெட்லைட் வெளிச்சத்தில் ஓர் ஆள். மனைவியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நடக்கிறான். அவளுக்கு நிறைமாதம். வெறுங்கால் மண்ணில் உரசும் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

மச்சான் நிறுத்தி, இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். வண்டிக்குள் ஈர மண் வாடை. கூடவே ரத்த வாடை.

"இந்நேரத்துல டாக்டர் இருப்பாரா அண்ணே?"

"எந்நேரமும் இருப்பாங்க தம்பி. பிரசவத்துக்குன்னே தனி வார்டு இருக்கு. பயப்படாத."

பிறகு, மெதுவாக...

"போன தடவை பூட்டியிருந்துச்சுண்ணே."

மச்சான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் போட்ட சத்தத்தில் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். கதவைத் திறந்தால்... யாருமில்லை. படுக்கை மட்டும் நனைந்திருந்தது.

நடந்ததை அவர் சொல்ல, குடித்திருக்கிறாரா என்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பெரிய நர்ஸம்மா மட்டும் அந்த ஈரத்தைத் தொட்டுவிட்டு, படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அப்ப இது ஒத்தை ரூம், ஓட்டுக் கூரை. வாரத்துக்கு ஒருநாள்தான் டாக்டர். பொழுது சாஞ்சா பூட்டிடுவாங்க. ஒருநாள் காலைல வந்து பாக்குறேன், படியில அவ உயிரில்லாம கெடக்குறா. வயித்துல இருந்ததும் போயிடுச்சு. அவன் தலைமாட்டுல உக்காந்து கதவையே பாத்துக்கிட்டிருக்கான். அன்னைக்குச் சாயங்காலம் அவனைக் கிணத்துலேருந்துதான் எடுத்தாங்க... அதுக்கப்புறம்தான் ஊரே திரண்டு போய் ராத்திரி டாக்டர் வேணும்னு நின்னுச்சு. பத்துக் கட்டில் வந்துச்சு, பிரசவ வார்டு வந்துச்சு, ஆபரேஷன் தியேட்டர் வந்துச்சு. இப்ப மூணு மாடி. எல்லாம் வந்துச்சு... அவளுக்குத்தான் வரல."

எழுந்து போய்ப் பிரசவ அறையின் விளக்குகளைப் போட்டார். இரண்டு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார்.

"வாம்மா... தெறந்துதான் இருக்கு," என்றார், வெளியே இருட்டைப் பார்த்து.

விடியும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் வைத்தது வைத்தபடி. ஓரத்துத் தொட்டிலில் மட்டும் துணி கதகதப்பாக இருந்தது. நடுவே, சின்னத் தலை ஒன்று பதிந்த குழி.

அன்று முழுக்க அந்தத் தொட்டிலில் வேறு குழந்தையைப் போட நர்ஸம்மா விடவில்லை.