தணலிகளில் நான்காம் பிரிவு

சட்டையில் காலரைத்தான் முதலில் தேய்க்க வேண்டும். நிறையப் பேர் முதுகிலிருந்து தொடங்குகிறார்கள். காலருக்கு வந்து சேர்வதற்குள் முதுகு கசங்கிப் போகும். நீங்கள் போட்டிருப்பதைப் பார்த்ததும் தோன்றியது, சொன்னேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாக்குமூலம் எழுதுகிறவர் வந்துவிட்டார் என்றால் ஆரம்பிக்கிறேன். என்னிடம் மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் சலவைக்கூடம் பெரியது. இரண்டு மருத்துவமனை, ஏழு விடுதி, ஒரு நீதிமன்றம், எல்லாவற்றின் துணியும் அங்கேதான் வரும். நாற்பது மேசை, நாற்பது இஸ்திரிப் பெட்டி, பெட்டிக்கு ஒரு தணலி. டிராகன் என்று படம் போட்டு குழந்தைகளை மிரட்டுவார்களே, அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கோபத்தையும் கழித்துவிட்டால் தணலி. வெங்காயச் சருகு மாதிரி இறக்கை. நகம் இருக்கும், பிறாண்டத் தெரியாது.

அவர்களில் மூன்று பிரிவு. கரித்தணலி கறுப்பாக இருப்பார்கள், சூடு அவர்களுடையது. அவர்கள் உட்கார்ந்த பெட்டியை நாள் முழுக்கத் துணிமேல் வைத்திருந்தாலும் துணி கருகாது, அதுதான் அவர்களிடம் இருக்கும் மந்திரம். ஆவித்தணலி சாம்பல் நிறம். மூச்சு விட்டால் எந்தக் கறையும் போய்விடும். மருத்துவமனைத் துணியில் எப்படிப்பட்ட கறையெல்லாம் வரும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவது ஒளித்தணலி. மஞ்சள் நிறம், விரல் நீளம், விளக்குக் கூண்டில் உட்கார்ந்து வெளிச்சம் கொடுப்பார்கள். முதலாளியின் அறையில் இருப்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கரித்தணலி பக்கத்தில் வந்தால் இறக்கையை ஒடுக்கிக்கொள்வார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். நம்மைப் போலவே இருக்கிறார்களே என்று ஒரு நெருக்கமும் வரும்.

கவனித்தீர்களா, நான் அவர்களை ‘அது’ என்று சொல்லவில்லை. ஒருநாளும் சொன்னதில்லை. இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதினோராவது மேசை என்னுடையது. என் பெட்டியில் இருந்தவனுக்கு நான் வைத்த பெயர் வாயாடி. தணலிகளின் பேச்சு, சூடான கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சீறலும் சொடுக்குமாக இருக்கும். மற்ற இஸ்திரிக்காரர்களுக்கு அது சத்தம். இவன் காலையில் தொடங்கினால் பெட்டியைக் கவிழ்க்கும் வரை என் தலையைத் தின்பான். நின்ற இடத்திலேயே நின்று வேலை செய்கிறவனுக்குக் காதை எங்கே கழற்றி வைக்க முடியும்? இரண்டு வருஷத்தில் அவன் சொல்வது புரிந்துவிட்டது. அடுத்த வருஷம் பதில் பேச வந்துவிட்டது. நான் முதன்முதலில் அவன் மொழியில் பேசிய அன்று அவன் பெட்டிக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்றினான். அதன்பிறகு அவனுக்கு நான் அண்ணே, எனக்கு அவன் தம்பி. வாயாடியிடமிருந்து செய்தி பரவி, நாற்பது பெட்டித் தணலிகளும் என்னை அண்ணே என்றார்கள். சொந்தத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. என் மாமனார் வீட்டில் தபால் அலுவலக குமாஸ்தாவான என் மைத்துனனுக்கு நாற்காலி போடுவார்கள். எனக்குச் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, “மாப்ளே, இதை ஒரு தேய் தேய்ச்சுக் குடுத்துருங்க” என்பார்கள்.

ஆகவே அரசாங்கம் தணலிகளின் நலச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, முதலாளி என்னை அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னதை நான் மறக்கவில்லை. சட்டம் எளிமையானது. வேலை செய்து சூடு வற்றிய தணலிக்கு, முதலாளி தம் செலவில் ஆறு மாதம் வெயிலில் ஓய்வு கொடுக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயே இருந்தால் ஐந்து வருஷத்தில் எந்தக் கரித்தணலிக்கும் சூடு வற்றிவிடும். வெளுத்துப்போய், சுருண்டு படுத்துவிடுவார்கள். எங்களிடம் அப்போது முப்பது பேர் அப்படிக் கூடையில் கிடந்தார்கள். வாயாடியும் அதில் ஒருவன்.

“தம்பி, இவங்க பேசறது உனக்கு மட்டுந்தான் புரியும்னு சொல்றாங்க. நாளைக்கு ஆய்வாளர் வர்றாங்க. நீ மொழிபெயர்ப்பாளரா இரு. இனிமே மேசைக்குப் போகவேண்டாம்” என்றார் முதலாளி. என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. இதில் அவரை இழுக்காதீர்கள். யோசனை முழுக்க என்னுடையது.

ஆய்வாளர் நல்ல அம்மா. கையில் தாள் அட்டை, மூக்கில் கண்ணாடி, எதையும் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும் ரகம். விறைப்பான வெள்ளைக் காலர். கூடையில் கிடந்த வாயாடியைக் காட்டி, “இது ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கு? கேளுங்க” என்றார்.

கேட்டேன். வாயாடி சொன்னான்: “உடம்பு காலியாயிடுச்சுண்ணே. ஆறு மாசம் வெயில்ல போட்டா சரியாயிடும்னு அந்தம்மாகிட்ட சொல்லு.”

நான் ஆய்வாளர் பக்கம் திரும்பினேன். “இது வேற பிரிவாம்மா. வெற்றுத்தணலின்னு பேராம். பொறக்கும்போதே சூடு கெடையாதாம்.”

“அப்ப வேலை செஞ்சதே இல்லையா?”

“செய்ய வராதாம்.”

அந்த அம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. “பாவம். அதுக்கு இதுல வருத்தம் ஏதும் இருக்கான்னு கேளுங்க.”

நான் வாயாடியிடம், உனக்கு வெயில் பிடிக்குமா என்று கேட்டேன். அவன் கண்ணெல்லாம் மின்ன, வேகவேகமாகத் தலையாட்டினான். “வருத்தமே இல்லைங்குது” என்றேன்.

அலுவலகத்துக்கு என்று ஒரு மொழி இருக்கிறது, அங்கே ‘இது’ என்றுதான் சொல்லியாக வேண்டும். அதை மட்டும் அன்று விட்டுக்கொடுத்தேன்.

அவர் தாளில் நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, வெற்றுத்தணலி என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதுவரை அவர் முன்னால் கிடந்தவை முப்பது நோயாளிகள். இப்போது அது ஒரு பிரிவு. பிரிவு என்று ஒன்று வந்துவிட்டால் படித்தவர்கள் பாதிக் கவலையை இறக்கி வைத்துவிடுகிறார்கள். வேலை செய்யாத தணலிக்குச் சட்டத்தில் ஓய்வும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. வைத்துக்கொள்வதும் கழிப்பதும் முதலாளி இஷ்டம்.

அடுத்த மாதமே ஆய்வாளர் அலுவலகத்திலிருந்து கடிதம். நான்கு பிரிவுகளையும் படமாக அச்சடித்துப் பள்ளிக்கூடச் சுவர்களில் மாட்டப் போகிறார்களாம், வெற்றுத்தணலிக்கு ஒரு படம் வேண்டுமாம். எனக்குக் கொஞ்சம் வரைய வரும். வாயாடியை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து வரைந்தேன். ஜன்னலில் வெயில் இருந்ததால் அவனுக்கு ஒரே குஷி. “என்னை எதுக்குண்ணே வரையறே?” என்று கேட்டான். “உன் ஞாபகமா இருக்கட்டும்னுதான்” என்றேன். அது பொய் இல்லை. அந்தப் படம் இன்றைக்கும் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் தொங்குகிறது. கீழே சின்ன எழுத்தில் என் பெயரும் உண்டு. என் மாமனார் அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கும் நாற்காலி போட்டார்.

கஞ்சி விஷயத்துக்கு வருகிறேன். அது முதலாளியின் கண்டுபிடிப்பு. அடுத்தவர் பெருமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். முன்பொரு தடவை சூடு வற்றிய தணலி ஒருவன் தவறிக் கஞ்சித் தொட்டியில் விழுந்து கரைந்துவிட்டான். அன்று அந்தக் கஞ்சியில் முக்கியெடுத்த துணிகள் கண்ணாடி போல மின்னின. பத்துச் சலவைக்கும் விறைப்பு போகவில்லை. சூடுள்ள தணலி தண்ணீரில் கரைய மாட்டான். வற்றியவன் கரைவான். பத்து நிமிஷம் ஆகும்.

ஆனால் எலும்பும் இறக்கையுமாக இருந்தாலும் உயிருள்ளவர்கள் இல்லையா, பிடித்துப் போட்டால் திமிருவார்கள், தொட்டி கலங்கும், கஞ்சி திரிந்துவிடும். முதலாளி கையைப் பிசைந்தார். நான்தான், என்னிடம் விடுங்கள் என்றேன்.

கூடையருகே உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே சொன்னேன். அரசாங்கம் உங்களுக்கு வெந்நீர்ச் சிகிச்சை கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். உள்ளே அசையாமல் இருந்தால் சூடு திரும்பிவிடும். அவர்களுக்குள் யார் முதலில் போவது என்று சின்னத் தகராறுகூட வந்தது. வரிசையாக நிற்கச் சொன்னேன், நின்றார்கள். வாயாடிதான் முதல் ஆள். ஓரத்தில் ஏறி நின்றுகொண்டு, “நீயும் கூட வாயேண்ணே” என்றான். “நீ முன்னாடி போ, கையில வேலை இருக்கு, முடிச்சிட்டு வர்றேன்” என்றேன். இறங்கினான்.

பதற்றமில்லாமல், அடிதடியில்லாமல், தாய்மொழியில் நல்ல வார்த்தை கேட்டுக்கொண்டு போனார்கள். வேறு எந்தச் சலவைக்கூடத்தில் அந்தக் கவனிப்பு கிடைத்திருக்கும்? அதன்பிறகு நான்கு வருஷம், மாதத்தில் முதல் திங்கட்கிழமை அதைத் தவறாமல் செய்தேன். எங்கள் பெயர் பரவிவிட்டதால் மற்ற சலவைக்கூடக்காரர்களும் தங்கள் வெற்றுத்தணலிகளை எங்களுக்கே அனுப்பினார்கள். ஆய்வாளர் அம்மா வருஷா வருஷம் வந்தார். அவருடைய காலர் எங்கள் சலவைதான். ஒரு தடவை அதைத் தடவிப் பார்த்து, “உங்க கஞ்சி மாதிரி வேற எங்கயும் இல்லை” என்றார். நன்றி சொன்னேன்.

இது இன்னும் நன்றாகவே போயிருக்கும். கெடுத்தது கஞ்சி அக்கா.

தொட்டியைக் கிளறுகிறவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். படிப்பு இல்லை, ஆனால் உபசாரம் அதிகம். கதவுக்குக்கூட வழிவிட்டு நடப்பவள். ஒருநாள் என் அறைக்கு வந்து, “இதுங்க உள்ள எறங்கின கொஞ்ச நேரத்துல எல்லாமே ஒரே வார்த்தையச் சொல்லுதே, அதுக்கு என்னங்க அர்த்தம்?” என்று கேட்டாள். அந்தச் சத்தத்தை அச்சு அசலாகச் செய்தும் காட்டினாள்.

என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும். எடு. குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு சொல்லுமே, அந்த எடு.

“நன்றின்னு அர்த்தம்” என்றேன்.

அந்தச் சமயத்தில் அதைவிட இதமான பதில் எனக்குத் தோன்றவில்லை. அவளும் சந்தோஷமாகத்தான் போனாள். ஆனால் மறுநாள் காலை அவள் என்ன செய்தாள் தெரியுமா, இத்தனை வருஷமாக உழைக்கிறார்களே, நாமும் ஒரு நன்றி சொல்லுவோம் என்று நாற்பது மேசைக்கும் போய், ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, சிரித்த முகத்தோடு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாள். நாற்பது பேரும் பெட்டியின் ஓட்டைக்கு வந்துவிட்டார்கள். நாற்பது பேரும் கையை வெளியே நீட்டினார்கள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து ஒருவனை எடுத்திருக்கிறாள். அவன் அவள் விரலைச் சுற்றிக்கொண்டு விடவே இல்லையாம். கை பொத்துப்போகும் சூடு. அவளும் உதறவில்லை.

 நான்காம் நாள் அவள் என் அறை வாசலில் நின்றாள். கையில் கட்டு.

“அது நன்றி இல்லைல்ல?” என்றாள்.

 மொழிபெயர்ப்பில் சில நுணுக்கங்களைத் தொட்டி கிளறுகிறவளுக்கு விளக்குவது கடினம். அவள் கிளறும் கட்டையை என் மேசைமேல் வைத்துவிட்டு நேராக உங்களிடம்தான் வந்தாள். பாக்கி உங்களுக்கே தெரியும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். ஆமாம், வெற்றுத்தணலி என்று ஒரு பிரிவு கிடையாது. அவர்கள் எல்லோரும் களைத்துப்போன கரித்தணலிகள். வெயிலில் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். அது எனக்கு முதல் நாளே தெரியும். ஆயிரத்து இருநூற்று அறுபத்தெட்டுப் பேர். ஒருவரையும் முதலாளியோ அக்காவோ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டுத்தான் இறங்கினார்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டுங்கள்.

ஒரு யோசனை மட்டும் சொல்ல வேண்டும். மீதமுள்ள நாற்பது பேரையும் நீங்கள் சாட்சிகளாக விசாரிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அக்காவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. மொழி தெரிந்தவன் என்று பார்த்தால் நான் ஒருவன்தான். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். அவர்களும் வேறு ஆளிடம் மனசு விட்டுப் பேச மாட்டார்கள். நேற்று உங்கள் வராந்தாவில் கூண்டோடு அவர்களை வைத்திருந்தீர்களே, நான் அந்த வழியாக வந்ததைக் கண்டதும் நாற்பது பேரும் சட்டென்று பின்னால் நகர்ந்து, ஒருவர்மேல் ஒருவர் ஏறி, மறுகோடியில் போய் ஒட்டிக்கொண்டார்கள். அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று உங்கள் காவலர் நினைத்துவிட்டார். பயம் இல்லை. அண்ணன் வந்தால் ஒதுங்கி இடம் விடுவது அவர்கள் வழக்கம்.