பதினெட்டாம் பக்கம், இடது கை

கல்யாணத்துக்கு போட்டோகிராபர் பிடிக்கும் வேலையை எல்லாரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது தப்பு. மண்டபத்தையும் சாப்பாட்டையும் மறுநாளே மறந்துவிடுவோம், கையில் தங்குவது படம் ஒன்றுதான். என் தங்கை கல்யாணத்துக்கு நான் மூன்று மாதம் முன்னாலேயே அலைய ஆரம்பித்தேன். நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் தங்கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அப்பா அம்மா போன பிறகு ஒன்பது வருடம் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளோடு ஒரே குளியலறையில் குளித்தவர்களுக்குத்தான் தெரியும். சோப்பில் முடி சுருண்டு ஒட்டியிருக்கும். ஈரத்துண்டு என் கட்டிலில் கிடக்கும். கழுவிய கையைத் துடைக்கவே மாட்டாள். அந்தக் கையோடு கதவுப்பிடியைத் தொடுவாள், செய்தித்தாளைத் தொடுவாள், பாசம் பொங்கினால் என் கன்னத்தைத் தொடுவாள். தண்ணீர் குடித்தால் தொண்டையில் 'களக் களக்' என்று ஒரு சத்தம் வரும். ஒன்பது வருடம் அந்தச் சத்தத்துக்கு எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டேன். ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு ஒரு வரன் அமைந்தது. பக்கத்து ஊர்க்காரர், நல்ல வேலை, சொந்தபந்தம் குறைவு. ஆள் மூக்கும் முழியுமாக இருந்தார். நகத்தை மட்டும் கடித்துக் கடித்துச் சதை வெளியே தெரியும்படி வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குக் குமட்டியது. கட்டிக்கொள்ளப் போவது நான் இல்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதலில் போனது கடைத்தெருவில் ஒரு மாடி ஸ்டூடியோவுக்கு. அங்கிருந்தவர் சரியான வாயாடி. ஆனால் படங்களைக் குறை சொல்ல முடியாது. மாதிரி ஆல்பங்களை மேசையில் அடுக்கிவிட்டு டீ சொல்லப் போனார். நாலாவது ஆல்பத்தைப் புரட்டினேன். எங்கள் மாப்பிள்ளை நின்றார், மாப்பிள்ளை கோலத்தில். பக்கத்தில் வேறொரு பெண்.

வாயாடி திரும்பி வந்ததும் பதறிப் போனார்.

"அடடா, இது எப்படிங்க இதுல கலந்துச்சு? இது மாதிரி ஆல்பம் இல்லம்மா. யாரும் வந்து வாங்கிக்கல. கல்யாணமான அஞ்சாம் மாசமே பொண்ணு போயிடுச்சு. மாடிப்படியில தவறி விழுந்துட்டாங்கன்னு சொன்னாங்க."

"அப்படியா, பாவம்" என்றேன்.

"எனக்கு மனசே ஆறலம்மா" என்றார். "காலையில எடுத்த படத்துல அந்தப் பொண்ணு கை பளிச்சுனு இருக்கும். சாயங்காலம் வரவேற்புல முழங்கைக்கு மேல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சு. நான்தான் உக்காந்து அழிச்சேன். படம் அழகா இருக்கணும்னு அழிச்சுட்டேன். யார்கிட்டயாவது காட்டியிருக்கணும். நினைச்சா எனக்கே என் மேல அருவருப்பா இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். டம்ளரைச் சரியாகக் கழுவியிருக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். நின்றால் அவளுக்கு இன்னொரு வரன் வருவதற்குள் எத்தனை வருடம், எத்தனை சோப்பு. வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை.

அவளும் அந்த வாயாடியின் படங்களைப் போனில் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, அவர் எடுக்குற படத்துல எல்லாரும் உசுரோட இருக்குற மாதிரி இருக்காங்க. அவரையே வெச்சுக்கலாம்க்கா."

"அந்தத் தேதியில அவருக்கு வேற கல்யாணமாம்" என்றேன்.

அவர் எங்கள் கல்யாணத்துக்கு வந்தால் மாப்பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் வாய் திறந்துவிடுவார். ஆகவே இன்னொருவரைத் தேடினேன். எதைச் சொன்னாலும் "சூப்பர் மேடம்" என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். முகங்களைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வழித்து வைப்பார். அருமையான ஆள். எடுக்க வேண்டிய படங்களை எழுதிக் கொடுத்தேன். வரவேற்பு உடைக்கு முழுக்கை வைக்கச் சொல்லித் தையல்காரரிடம் நானே போய் நின்றேன். இந்த அளவுக்கு எந்த அக்கா மெனக்கெடுவாள்?

கல்யாணத்தன்று சாயங்காலம், "கை இறுக்குதுக்கா" என்று கடைசி நிமிடத்தில் அவள் அரைக்கைக்கு மாறிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். காரில் அவளும் மாப்பிள்ளையும் மட்டும்தான். மண்டபத்தில் இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்கினாள். எதிலும் அவளுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது.

படங்களைத் தேர்ந்தெடுக்க நான் மட்டும் போனேன். காலைப் படங்களை வேகமாகத் தள்ளச் சொன்னேன். வரவேற்புப் படம் வந்ததும் எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இடது கை, முழங்கைக்கு மேல். நகமில்லாத மொட்டை விரல்களின் தடம், ஐந்து. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் ஒன்றும் கல் இல்லை, இன்ஸ்பெக்டரம்மா. இப்படி ஒரு அசிங்கத்தை யார் ஆல்பத்தில் வைப்பார்கள்? திருத்தத் தாளில் எழுதினேன்: 'பதினெட்டாம் பக்கம், இடது கை, சுத்தம் செய்யவும்.'

"அலர்ஜியா மேடம்?"

"ஆமாம்."

"சூப்பர்."

இரண்டாம் மாதம் ஒரு மத்தியானம் தங்கை பையோடு வந்து நின்றாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, கையைத் துடைக்காமல் மேசையில் ஊன்றினாள். தண்ணீர் கொடுத்தேன். களக் களக்.

"அக்கா, கொஞ்ச நாள் இங்கயே இருந்துக்கட்டுமா? உங்களுக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன்."

நான் ஆல்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்க."

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பதினெட்டாம் பக்கத்தில் நின்றாள். படத்தில் இருந்த தன் கையின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க இருந்துச்சேக்கா."

"என்ன இருந்துச்சு?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஆல்பத்தை மூடிவிட்டு, பையை அவளே எடுத்துக்கொண்டாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். நிறுத்தத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போகும்படி மாப்பிள்ளைக்குப் போனும் செய்தேன். தனியாக விட மனசு வரவில்லை.

நாலாம் மாதம் அவளும் மாடிப்படியில் விழுந்து போய்ச் சேர்ந்தாள்.

மாப்பிள்ளையின் வக்கீல் ஆல்பம் கேட்டார், கொடுத்தேன். இவ்வளவு சந்தோஷமான பெண்ணை யார் அடித்திருப்பார்கள் என்று அதை அவர் உங்களிடமே கொண்டுவந்து காட்டினாராம். நீங்கள் கெட்டிக்காரர், அந்த 'சூப்பர் மேடம்' போட்டோகிராபர் கடைக்குப் போய் நான் எழுதிய திருத்தத் தாளை எடுத்துவிட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. முதல் பெண்ணுக்கு என்ன ஆனது என்று தெரிந்தேதான் தங்கையைக் கட்டிக் கொடுத்தேன். திரும்பி வந்தவளையும் தெரிந்தேதான் அனுப்பினேன். படியில் தள்ளியது நான் இல்லை, அதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஆல்பம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. பதினெட்டாம் பக்கத்தில், அந்தக் கையின் மேல், ஒற்றை விரல் தடம் ஒன்று மங்கலாகத் தெரியும். அது மாப்பிள்ளையுடையது இல்லை. அன்றைக்கு அவள் ஈரக் கையோடு தொட்டது. நானும் எத்தனையோ தடவை துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. சூப்பரிடம் சொன்னால் அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாகப் போட்டுத் தந்துவிடுவார்.